எஃகில் வந்த வேர்க்குரு

நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடையில், என் சித்தி எஃகுக்கு வந்த வேர்க்குருவுக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தாள்.

அப்போது தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தான். அம்மா கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், எங்கள் ஊரான திருப்புறத்திலிருந்து என்னைக் கொல்லயில் என்ற ஊரில் இருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். சித்தப்பா காலை ரயிலில் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறவர். என்னைத் தனியாக வீட்டில் விட முடியாது என்பதால் சித்தி என்னையும் வேலைக்குக் கூட்டிப் போனாள். பாறசாலை போகிற சாலையோரத்தில், தென்னந்தோப்புக்கு நடுவே, தகரக் கூரை போட்ட ஒரு வார்ப்படக் கம்பெனி. அதன் முதலாளியும் நாங்களும் ஒரே சபையைச் சேர்ந்தவர்கள்.

“பிள்ளை ஒண்ணையும் தொடமாட்டா சார்” என்றாள் சித்தி. முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். தொடக் கூடாது என்ற கட்டளையை நான் முழு மனதோடு ஏற்றுக்கொண்டேன். எதெல்லாம் தொடுவதில் சேரும் என்பதை மட்டும் நானே தீர்மானித்துக்கொண்டேன்.

அங்கே எஃகை நேராக அச்சில் ஊற்றிவிடுவதில்லை. செய்ய வேண்டிய பொருளை முதலில் பச்சை மெழுகில் வார்ப்பார்கள். அந்தக் கோடையில் அவர்கள் செய்துகொண்டிருந்தது இம்பெல்லர். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற, உள்ளங்கையளவு விசிறி. பன்னிரண்டு மெழுகு விசிறிகளை ஒரு மெழுகுத் தண்டில் மூன்று அடுக்காக ஒட்டினால் அதற்குப் பெயர் மரம். மரத்தைக் கழுவிக் கொக்கியில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். பிறகு, மாவாக அரைத்த கல்லைக் கரைத்த குழம்பில் முக்கி, மேலே மணலைத் தூவிக் காயவைப்பார்கள். திரும்ப முக்கு, திரும்ப மணல், திரும்பக் காயவை. ஏழெட்டுப் பூச்சு ஏறியதும் மரத்தைச் சுற்றி ஒரு கெட்டி ஓடு உருவாகியிருக்கும். நீராவியில் மெழுகை உருக்கி வடித்துவிட்டு, வெற்று ஓட்டைச் சுட்டு, அதற்குள் எஃகை ஊற்றுவார்கள். ஆறியபின் ஓட்டை உடைத்தால், மெழுகு இருந்த இடத்தில் எஃகு இருக்கும். மெழுகில் ஒரு நகக்கீறல் இருந்தால் எஃகிலும் அந்தக் கீறல் அப்படியே இருக்கும்.

சித்திக்கு அங்கே இன்ஸ்பெக்டர் வேலை. மெழுகு மேசையில் சேர்ந்து, ஆறு வருடத்தில் அந்த நாற்காலிக்கு வந்த முதல் பெண் அவள். வார்த்து, அறுத்து, துலக்கி வந்த ஒவ்வொரு துண்டும் அவள் மேசையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும். அவள் துண்டை நேர் வெளிச்சத்தில் பார்ப்பதில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு, டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்துப் பிடிப்பாள். சாய்ந்து வருகிற வெளிச்சத்தில் எறும்புக் கண்ணளவு மேடும் தன் நிழலை நீட்டிக் காட்டிக் கொடுத்துவிடும். அதன்பின் வலது ஆள்காட்டி விரல் நகம். மற்ற நகங்களையெல்லாம் ஒட்ட வெட்டி, அதை மட்டும் வளர்த்திருந்தாள். நகம் எஃகின் மேல் ஓடும். எங்கேயாவது ‘டிக்’ என்றால் நின்றுவிடும்.

என்ன குறை, எங்கிருந்து வந்தது என்பதை, நோயாளியின் முகத்தைப் பார்த்தே மருந்து எழுதும் டாக்டரைப்போல அவள் சொல்லுவாள். கடுகு மாதிரி உருண்டையாகத் துருத்தினால், முதல் பூச்சில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தது. குழி விழுந்திருந்தால், ஓட்டிலிருந்து உதிர்ந்த மணல் உள்ளே கிடந்தது. மெல்லிய செதில்போல வரி எழும்பினால், ஓடு வெடித்திருந்தது. மடிப்புப்போலக் கோடு கிடந்தால், இரண்டு பக்கமிருந்து வந்த எஃகு ஒன்றோடொன்று கலக்குமுன் ஆறிவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் அவளுக்கு வைத்த எவர்சில்வர் டம்ளரின் மேல் அந்த நகம் தானாக ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் சபையின் மணியில் ஒரு ஊசித்துளை இருப்பதாக உபதேசியாரிடம் சொல்லி, நாற்பது வருடம் அடித்த மணி அது என்று அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. மறு ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் தானே ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் அதைப்பற்றிப் பேசவில்லை.

நான் போய்ச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். இம்பெல்லர்களில் புதிதாக ஒரு குறை வரத் தொடங்கியது. விளிம்பில், கட்டைவிரல் நுனி அகலத்துக்கு ஒரு சொரசொரப்பான திட்டு. பொடிப்பொடியாகப் பருக்கள். வெயில் காலத்தில் கழுத்தில் வருமே, அதே மாதிரி. மலையாளம் பேசுகிறவர்கள் சூடுகுரு என்றார்கள், தமிழ் பேசுகிறவர்கள் வேர்க்குரு என்றார்கள். சித்தி அப்படிப்பட்ட துண்டுகளை ஒதுக்கி ஒதுக்கி மேசைக்கடியில் இரண்டு பெட்டி நிறைந்துவிட்டது. பம்புக்காரர்கள் கோயம்புத்தூரிலிருந்து கேட்ட எண்ணிக்கை போய்ச் சேரவில்லை. ஏன் என்று அவர்கள் தினமும் போன் செய்தார்கள்.

கம்பெனியில் எல்லோருக்கும் உடனே ஒரு பதில் கிடைத்துவிட்டது: முக்கு மாமா.

குழம்புத் தொட்டியில் மரத்தை முக்குகிறவர் அவர். செங்கல் என்கிற ஊரிலிருந்து சைக்கிளில் வருவார். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். அவர் செய்த வேலையை வைத்து நான் அப்படித்தான் கூப்பிட்டேன், அவரும் திரும்பிப் பார்த்தார். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல மரத்தைச் சாய்த்து, சுழற்றி, ஓசையில்லாமல் குழம்பில் இறக்குவார். தூக்கியபின் மூலைகளில் மெல்ல ஊதிக் குமிழிகளை உடைப்பார். என்னை அவர் கூப்பிடுவது “ஏட்டி, சின்ன இன்ஸ்பெக்டரே.” நான் பதவியேற்றுக்கொண்டதுபோல நிமிர்ந்து நிற்பேன்.

அந்த வாரத் திங்கட்கிழமை முதலாளி சித்தியின் மேசைக்கு வந்தார். திட்டு விழுந்த ஒரு துண்டை எடுத்துத் திருப்பினார்.

“இது முதல் பூச்சுல வந்த கோளாறு, சரிதானே?”

“ஆமா சார்.”

“முதல் பூச்சு முக்குகது ஆரு? அவருக்கு வயசாச்சு. கைப்பழக்கம் போயாச்சுன்னா போயாச்சு. அடுத்த திங்கக்கிழமை முதல் வேற ஆள் வாறான்.”

அந்தப் பக்கத்தில் இதுபோல வேறு கம்பெனி கிடையாது. இந்த வேலை போனால் முக்கு மாமா, ஐம்பத்தெட்டு வயதில், கோயம்புத்தூருக்குப் போய் அறை எடுத்துத் தங்க வேண்டும். அல்லது தேங்காய் வெட்டப் போக வேண்டும். அவர் தொட்டியருகில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். குழம்பு சுழன்றுகொண்டிருந்தது.

“சனிக்கிழமை வரை தாங்க சார்” என்றாள் சித்தி. “காரணம் தெரியாம ஆளை மாத்துனா புது ஆளுக்கும் இதேதான் வரும்.”

“சனிக்கிழமை” என்று சொல்லிவிட்டு முதலாளி போனார்.

அடுத்த இரண்டு நாளில் சித்தி செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது. அவள் யாரையும் விசாரிக்கவில்லை. ஒதுக்கி வைத்த துண்டுகளை எல்லாம் தரையில் கொட்டி, ஒவ்வொன்றிலும் பொறித்திருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து, எந்த மரத்தில் எந்த அடுக்கில் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று சாக்கட்டியால் தரையில் மரங்களை வரைந்து அவற்றின் மேல் அடுக்கினாள். நான் அதை ஒரு விளையாட்டு என்று எண்ணி, ஓடி ஓடித் துண்டுகளை எடுத்துக் கொடுத்தேன். செவ்வாய் மாலை அடுக்கி முடித்தபோது தரையில் வரைந்த மரங்களில் மேல் அடுக்கு காலியாக இருந்தது. நடு அடுக்கும் காலி. எல்லாத் துண்டுகளும் கீழ் அடுக்கில் குவிந்து கிடந்தன.

“பாத்தியளா அண்ணாச்சி” என்று முக்கு மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். “குழம்புல காத்து இருந்தா மூணு அடுக்குலயும் வரும். உங்க கை நடுங்குனாலும் மூணு அடுக்குலயும்தான் வரும்.”

“கீழ மட்டும் நடுங்குக கை எனக்கு இல்ல பிள்ளே” என்றார் அவர். சிரிக்க முயன்றார்.

புதன்கிழமை இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு மரத்தையும் குழம்பில் முக்கின நேரம் பதிவேட்டில் இருந்தது. காலையில் முக்கின மரங்கள் ஒன்றில்கூடக் குறை இல்லை. எல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் முக்கினவை.

சாப்பாட்டு நேரத்தைப்பற்றிச் சொல்ல வேண்டும். அது சக்கைக் காலம். பலாவை எங்கள் பக்கத்தில் சக்கை என்றுதான் சொல்வோம். மெழுகு அறையில் வேலை செய்த ஏழு பெண்களில் யாராவது ஒருத்தி வீட்டிலிருந்து தினமும் ஒரு சக்கை வரும். சாப்பிட்டு முடிந்ததும் வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து அதை வெட்டுவார்கள். பிசின் ஒட்டாதிருக்க எல்லோரும் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். எனக்கும் தடவினார்கள், சுளை பிரிப்பதில் நான் அதற்குள் தேறியிருந்தேன்.

“இன்ஸ்பெக்டரம்மே, சக்கையிலயும் டார்ச்சு அடிச்சுப் பாக்குதியளா?”

“உன் வாயில அடிச்சுப் பாத்தா தெரியும், எத்தனை சுளை உள்ள போயிருக்குன்னு” என்பாள் சித்தி.

பிறகு எல்லோரும் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவி, துணிக் கையுறை மாட்டிக்கொண்டு மேசைக்குத் திரும்புவார்கள். மெழுகைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது என்பது விதி. அவர்கள் கழுவி முடிக்கும்வரை மெழுகு அறையில் யாரும் இருக்க மாட்டார்கள். நான் என் கையைத் தண்ணீரில் காட்டிவிட்டு முதல் ஆளாக உள்ளே ஓடிவிடுவேன். காரணம் அந்த மரங்கள். கழுவி உலரவிட்டவை ஒரு கம்பியில் வரிசையாகத் தொங்கும். கீழ் விளிம்பைக் கட்டைவிரல் நுனியால் லேசாகத் தள்ளினால் மரம் சுழலும். ஒன்றைச் சுழற்றிவிட்டு அடுத்ததற்கு ஓடி, கடைசி மரத்தைத் தள்ளுகிறபோதும் முதல் மரம் நிற்காமல் சுழல வேண்டும். கூரைக் கண்ணாடி வழியாக விழும் வெயிலில் பத்துப் பன்னிரண்டு பச்சை மரங்கள் ஒன்றாகச் சுற்றுவதைப்போல அழகான எதையும் நான் அதுவரை பார்த்ததில்லை. மேசைமேல் இருந்த எதையும் நான் தொட்டதே இல்லை. தொங்குகிறவை அந்தக் கணக்கில் வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் சித்தி தொட்டிக்குப் பக்கத்தில் போய் டார்ச்சோடு குந்தினாள். முக்கு மாமாவிடம், முக்கித் தூக்கியதும் மணலுக்குக் கொண்டுபோகாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னாள். முதல் மரம் தொட்டியிலிருந்து மேலே வந்தது. குழம்பு வடிந்தது. சித்தி வெளிச்சத்தைச் சாய்த்து, கீழ் அடுக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அண்ணாச்சி, அசையாதீங்க.”

விளிம்பில் ஓரிடத்தில் குழம்பு மெல்ல விலகியது. சேம்பிலையில் விழுந்த தண்ணீர்போல ஒட்டாமல் ஒதுங்கி, நடுவில் மெழுகின் பச்சை ஒரு பொட்டளவு தெரிந்தது. கீழே வடிந்து சேரும் கனத்த குழம்பு அடுத்த நொடியே அதை மூடிவிட்டது. அதனால்தான் முக்கு மாமாவின் முப்பது வருடக் கண்ணுக்கும் அது அகப்படவில்லை. மூடின குழம்புக்கும் மெழுகுக்கும் இடையில் பிடிப்பில்லை. அந்தப் பொக்கைக்குள் எஃகு புகுந்து பொரிந்ததுதான் வேர்க்குரு.

“எண்ணெய்” என்றாள் சித்தி.

“ஆருக்க கையி?” என்று கேட்டார் முக்கு மாமா. “அவளுவ ஒக்க உறை போட்டிருக்குதாளுவளே.”

சித்தி எழுந்தாள். தொங்குகிற மரங்களுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கீழ் அடுக்கு அவள் நெஞ்சளவுக்கு இருந்தது. கையால் மரத்தை எடுக்கிற யாரும் மேலே இருக்கிற பிடியைத்தான் பிடிப்பார்கள். கீழ் விளிம்பில் அவர்கள் கை படவே வேண்டியதில்லை. மேலே எட்டாமல் அங்கே மட்டும் தொடக்கூடியவர்கள் யார் என்று அவள் யோசித்திருக்க வேண்டும்.

“மக்கா, இஞ்ச வா” என்றாள்.

போனேன். அந்தக் கம்பிக்குக் கீழே என்னை நிற்க வைத்தாள். கீழ் அடுக்கு சரியாக என் கண்ணுக்கு நேராக இருந்தது. முந்தானை முடிச்சிலிருந்து திட்டு விழுந்த ஓர் இம்பெல்லரை எடுத்தாள். என் வலது கையைப் பிடித்து, கட்டைவிரலை அந்தத் திட்டின் மேல் வைத்தாள். அது பொருந்தியது. விரலை எடுத்தாள், திரும்ப வைத்தாள். அவள் அளப்பதைப் பார்த்து, நான் எவ்வளவு வளர்ந்திருக்கிறேன் என்று பார்க்கிறாள் என எண்ணினேன்.

“பெரிசாயிட்டேனா சித்தி?”

“கொஞ்சம்” என்றாள். என் தலையில் கை வைத்தாள். முக்கு மாமா என் கையைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், பிறகு தொட்டிக்குத் திரும்பிப் போய் ஏற்கெனவே சுத்தமாக இருந்த அதன் விளிம்பைத் துடைக்கத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை சித்தி என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு முக்கின மரங்கள் எதிலும் குழம்பு விலகவில்லை என்று இரவுச் சாப்பாட்டின்போது சித்தப்பாவிடம் சொன்னாள். எனக்கு அதில் ஒரு வருத்தம்: நான் இல்லாத நாளில் நல்லது நடந்துவிட்டது.

சனிக்கிழமை நானும் போனேன். முதலாளி வந்தார். மெழுகு அறைப் பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சித்தி நீண்ட பேச்சு எதுவும் பேசவில்லை. தன் வலது கையில் தேங்காய் எண்ணெய் தடவினாள். குழாயடிக்குப் போய், தண்ணீரில் மட்டும் கையைக் காட்டிவிட்டு, புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். கழுவி உலர்ந்த ஒரு மரத்தின் கீழ் விளிம்பில் கட்டைவிரலை ஒரு முறை வைத்தாள். இன்னொரு மரத்தைத் தொடாமல் விட்டாள்.

“முக்குங்க அண்ணாச்சி.”

முக்கு மாமா இரண்டையும் முக்கினார். அந்த வாரம் முழுவதும் யாரும் அவர் கையை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. தொடாத மரத்தில் குழம்பு பால்போலப் பரவி நின்றது. தொட்ட மரத்தில், டார்ச் வெளிச்சத்தில், சித்தியின் கட்டைவிரல் தடம் பச்சையாகத் தெரிந்தது. முதலாளி குனிந்து பார்த்தார். குழம்பு வந்து அதை மூடியதையும் பார்த்தார்.

“அப்போ ஆளுக்க கோளாறு இல்ல” என்றார்.

“இல்ல சார். அண்ணாச்சி முக்கிட்டே இருக்கட்டும்.”

“சக்கை எண்ணெயாக்கும் இது, இல்லியா? ஆருக்க கையி?”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நானும் அவர்களை ஒவ்வொருவராகச் சந்தேகத்தோடு பார்த்தேன்.

“பொறுப்பு எனக்காக்கும்” என்றாள் சித்தி. “அப்பிடி எழுதிக்கிடுதேன்.”

குறைப் பதிவேட்டில் அவள் எழுதியதை நான் பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தேன். காரணம்: உலரும் மரத்தில் எண்ணெய்க் கை பட்டது. தடுக்க: உலரும் இடத்தைச் சுற்றி அடைப்பு, சாப்பாட்டுக்குப் பின் மரங்களை இன்னொரு முறை கழுவுதல், ஒவ்வொரு மரத்தையும் மணலுக்கு முன் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தல். பொறுப்பு: இன்ஸ்பெக்டர். கீழே கையெழுத்து. முதலாளி அதை இரண்டு முறை வாசித்தார். சபையில் அவர் காணிக்கைத் தட்டு நீட்டும்போது முகத்தில் வருகிற இறுக்கம் அப்போதும் வந்தது.

“எழுத்துல வந்தாச்சு. பின்ன நான் கண்டும் காணாம இருக்க முடியாது, கேட்டியா?”

“தெரியும் சார்.”

திங்கட்கிழமை முக்கு மாமா வழக்கம்போலத் தொட்டியருகில் நின்றார். புது ஆள் வரவில்லை. சித்தி மெழுகு மேசையில், ஏழு பெண்களுக்கு எட்டாவதாக, கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் அந்த மாதம் முழுவதும் பாறசாலையிலிருந்து வந்த ஒரு டிப்ளமா இளைஞன் உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்துவைத்து, நேர் வெளிச்சத்தில் துண்டுகளைப் பார்த்தான்.

நாற்காலி மாறியதை அன்று சாயங்காலம், மெழுகு மேசையில் வேலை செய்த பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். திங்கட்கிழமை முதல் என்னைக் கூட்டிப் போகவில்லை. எனக்குக் கோபம் வந்தது. எறும்புக் கண்ணளவு மேட்டைக் கண்டுபிடிக்கிறவள் தன் கையை ஒழுங்காகக் கழுவத் தெரியாமல் நாற்காலியை இழந்துவிட்டாளே என்கிற கோபம். உபதேசியாரிடமே குறை சொன்னவள். நான் பள்ளிக்கூடத்தில் யாரிடம் இதைச் சொல்ல முடியும்?

அவள் வேலை முடிந்து வந்ததும் கிணற்றடியில் வைத்துக் கேட்டேன். “சித்தி, நீங்க ஏன் சோப்புப் போட்டுக் கை கழுவல்ல? எங்க டீச்சர் சொல்லியிருக்காவ, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகம், எல்லாம் தேய்க்கணும். இருவது எண்ணணும். சும்மா தண்ணியில காட்டுனா எண்ணெய் போவாது.”

சித்தி வாளியைக் கீழே வைத்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

“எனக்குத் தெரியாமப் போச்சு மக்கா. சொல்லித் தா.”

சோப்பை எடுத்துக்கொண்டு அவள் என் முன்னால் குந்தினாள். நான் டீச்சரின் குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் செய்தாள், ஆனால் தன் கையில் அல்ல. என் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டு தேய்த்தாள். உள்ளங்கை. புறங்கை. விரலிடுக்கு. நான் உரக்க எண்ணினேன். கட்டைவிரலுக்கு வந்ததும் அவள் இரண்டு முறை தேய்த்தாள். இருபதைத் தாண்டியும் விடவில்லை. இவ்வளவு மெதுவாகக் கற்றுக்கொள்கிறவளை எப்படி இன்ஸ்பெக்டர் ஆக்கினார்கள் என்று யோசித்துக்கொண்டே, நான் திரும்ப ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.